எட்டடித் தொட்டியும் முப்பது ஆளும்

டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அவர் ஓட்டுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிப்பதே இல்லை என்று கண்டக்டர் சொல்வார். "நிதானத்தோட வண்டியில டீ குடிச்சுக்கிட்டே போகலாம்யா. என்ன, ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள இன்னொரு டீ வேணும்" என்பது மற்ற டிரைவர்களின் கேலி.

அப்படிப்பட்ட மனுஷர் யோசிக்காமல் செய்த காரியம் ஒன்றே ஒன்று. விரல் நீளத்தில் ஒரு அரோவானா மீனை வாங்கி வந்துவிட்டார்.

"தொட்டி எவ்வளவோ, மீனும் அவ்வளவுதான் சார் வளரும். மூணடித் தொட்டி தாராளம்" என்றிருந்தான் மீன் கடைக்காரன். இவர் நம்பினார். மீன் நம்பவில்லை. ஒரே வருஷத்தில் ஒன்றரை அடி வளர்ந்து நின்றது. தொட்டியின் அகலமோ ஒரு அடி. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உடம்பை மடித்து, வாலைக் கண்ணாடியில் உரசி, ஒருவழியாகத் தலையைத் திருப்பும். இருபது வருஷமாகச் சந்துகளில் பஸ்ஸைத் திருப்பி வந்தவருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

தொட்டி செய்கிற கண்ணாடிக்காரர் அளவெடுக்க மாடிக்கு வந்தபோது, நிதானம் ஏற்கெனவே கூடத்துத் தரையில் சாக்பீஸால் வரைந்து வைத்திருந்தார். வளர்ந்தால் இரண்டரை அடி தாண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பஸ் திரும்புகிற மாதிரியே ஒரு வட்டமும் போட்டிருந்தார். கணக்கு எட்டடி நீளம், ஐந்தடி அகலம் என்று வந்திருந்தது.

கண்ணாடிக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "என்னண்ணே இது, மீன் தொட்டியா, பஸ் ஸ்டாண்டா?"

"திரும்பணும்ல?"

"உங்க வண்டி நடுவுல வளையாது. இது நல்லாவே வளையும். அகலம் மூணடி இருந்தா சமாளிச்சுக்கும். நீளம் எட்டு, உயரம் ரெண்டரை. மேல கனமா ஒரு மூடி. இல்லேன்னா ஒருநாள் துள்ளி உங்க மடியில வந்து உக்காந்துக்கும்."

நிதானத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. காலாலேயே வட்டத்தை அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டார். கோடு நேராகப் போய் மனைவியின் தையல் மெஷினுக்கு அடியில் புகுந்தது.

"மெஷினை எங்க வைக்கிறதாம், தொட்டிக்குள்ளயா?" என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப ஏறிட்டுக்கூடப் பார்க்காத மனுஷன். மீனுக்கு மட்டும் மூக்குல இருந்து வால் வரைக்கும் அளவு எடுத்தாச்சு."

"அப்பா, நான் எங்க படுக்கிறது?" என்றாள் மகள்.

"தொட்டி பக்கத்துலதான் கண்ணு. பார்த்துக்கிட்டே தூங்கலாம்."

மனைவி கடைசியில் சரி என்றாள். மெஷின் சமையல்கட்டு வாசலுக்குப் போகட்டும் என்று அவளே சொன்னாள். நாளெல்லாம் ஹாரனும் சில்லறைச் சண்டையும் கேட்டுவிட்டு வருகிறவர், மீன் முன்னால் அரை மணி உட்கார்ந்து எழுந்தால்தான் பேச ஆரம்பிப்பார். அது அவளுக்குத் தெரியும். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா ஒரு ரிட்டயர்டு நர்ஸ். அவரும் சம்மதம் சொல்லியிருந்தார். "தொட்டியைக் கொஞ்சம் பெருசாக்கலாம்னு இருக்கேன்க்கா" என்றதற்கு, "இதையெல்லாமா தம்பி கேட்பாங்க, வச்சுக்கங்க" என்றிருந்தார்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டே கண்ணாடிக்காரர் படியில் நின்றார். "கீழ யாரு இருக்காங்க? தண்ணி மட்டுமே ஆயிரத்து எழுநூறு லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தா ரெண்டு டன் பக்கம் வந்துடும். தொட்டி உடையாது, அதுக்கு நான் பொறுப்பு. தரைக்கு நான் பொறுப்பில்லை."

டன் என்றதும் நிதானத்துக்கு ஆட்கள்தான் கண்ணில் வந்தார்கள். முப்பது பேர். முப்பது பேர் ஒரே பக்கம் நெருக்கியடித்தால் வண்டி எப்படிச் சாயும் என்று ஸ்டீயரிங் வழியாகவே உள்ளங்கைக்குத் தெரியும். இந்த முப்பது பேர் எந்த ஸ்டாப்பிலும் இறங்கப் போவதில்லை.

மெதுவாகக் கீழே போனார். கூடத்துக்கு நேர் கீழே நர்ஸம்மாவின் படுக்கையறை. சாக்பீஸ் கோடு போட்ட இடத்துக்கு அடியில் கட்டில். தலையணை மேல் மூக்குக்கண்ணாடி கிடந்தது. வாய் திறக்காமல் வந்துவிட்டால் போதும். சம்மதம் வாங்கியாயிற்று, யாரும் குறை சொல்ல முடியாது.

"என்ன தம்பி, சீலிங்கையே பார்க்கறீங்க?"

"அக்கா, கொஞ்சம் பெருசுன்னுதானே சொன்னேன்? அது முப்பது பேர் நிக்கிற எடை. உங்க கட்டிலுக்கு நேர் மேல."

நர்ஸம்மாவும் அண்ணாந்து பார்த்தார். "முப்பது பேரா? இந்த வீட்டுக்கு மொத்தமா அத்தனை பேர் வந்ததே இல்லையே." பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரலை தம்பி. நீங்களே சொல்லிடுங்க."

"வேணாம்க்கா" என்றார் நிதானம்.

மாடியில் மனைவி ஐந்தடித் தொட்டி வாங்கலாமே என்று கேட்டாள். "இன்னும் ஒரு வருஷம் கழிச்சு அதுலயும் மடிஞ்சுதான் திரும்பும். அதைத் தினம் என்னால பார்க்க முடியாது" என்றார். சாக்பீஸ் கோட்டை அவரே ஈரத்துணியால் துடைத்தார்.

நகரத்துக்கு வெளியே செடி நர்சரி வைத்திருந்த ஒருவரிடம், வலை போட்டு மூடிய சிமெண்டுத் தொட்டி இருந்தது. இருபதடிக்குப் பத்தடி. கண்ணாடிக்காரர்தான் பேசி முடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீனைப் பெரிய டிரம்மில் விட்டு, இரவல் வாங்கிய சின்ன லாரியில் ஏற்றி, நிதானமே ஓட்டினார். மனைவி பின்னால் உட்கார்ந்து மூடியை அழுத்திப் பிடித்திருந்தாள். வழியெல்லாம் குழி. இறங்கியபோது அவள் புடவையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

தொட்டியில் விட்டதும் மீன் ஒரு மூலையில் சற்று நேரம் அசையாமல் நின்றது. அப்புறம் நீளவாக்கில் போக ஆரம்பித்தது. போய்க்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை டிப்போ ஆபீஸில் ரூட் மாற்றம் கேட்டு மனு கொடுத்தார். கிளார்க் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த ரூட்ல போட்டா அவனவன் வயித்துவலின்னு லீவு போடறான். நீங்களா கேட்கறீங்களே அண்ணே! அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களா?"

"ஒரு ஆள் இருக்கு."

"வயசானவங்களா?"

"இல்லப்பா. வளர்ற வயசு."

கடைசி ஸ்டாப்பில் வண்டி பன்னிரண்டு நிமிஷம் நிற்கும். நர்சரிக்கு நடக்க நாலு நிமிஷம், திரும்பி வர நாலு. கிளார்க் சீல் குத்துகிற வரைக்கும், மீதி நாலு நிமிஷம் போதுமா என்று நிதானம் யோசித்துக்கொண்டிருந்தார்.