துலாவில் கட்டிய கயிறு

என் தம்பி இயக்கத்தை விட்டு வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. அதற்குள் உடுக்க ஒரு சாரமும் ஒரு துவாயும். இடது கையில் மூன்று விரல்கள் மடங்காது. மற்றபடி முழுசாக வந்துவிட்டான் என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்து மாதம் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருந்தான். என் மனைவி சாப்பாட்டை அங்கே கொண்டுபோய் வைப்பாள். கேட்டால் பதில் சொல்வான். கேட்காவிட்டால் இல்லை. சோறு நாய்க்குப் போகிறது என்று பிறகுதான் கண்டுபிடித்தோம். நாய் கொழுத்திருந்தது. அவனுக்கு நெஞ்செலும்பு தெரிந்தது. ஏதாவது வேலையில் இவனைப் பிடித்து வைக்காவிட்டால் செத்துப்போவான் என்று மனைவி சொன்னாள்.

கோப்பாயில் எங்களுக்கு வெங்காயத் தோட்டம். அந்த வருடம் மண்ணெண்ணெய் வரவில்லை. இறைக்கிற மெசினைச் சாக்கால் மூடி வைத்துவிட்டுப் பழையபடி துலாவுக்கு வந்தோம். துலா, நடுவில் தாங்கி நிற்கிற நீண்ட மரம்; கிணற்றுப் பக்க நுனியில் கயிறும் வாளியும். மரத்தில் ஒருவன் ஏறி நடக்க வேண்டும். கிணற்றுப் பக்கம் நடந்தால் வாளி தாழும். பின்னால் நடந்தால் நிறைந்து மேலே வரும். கீழே நிற்பவன் வாளியைக் கவிழ்க்கும்வரை மேலே நிற்பவன் அசையக் கூடாது. தம்பிக்குக் கை சரியில்லை, கால் நல்லது. அவனை மேலே ஏற்றினேன். நான் வாளியைப் பிடித்தேன். மனைவி பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்பினாள்.

மூன்றாம் நாள் குண்டு போடுகிற பொம்மர் வந்தது. எங்களுக்குச் சத்தம் கேட்க முன்னமே அவனுக்குக் கேட்டுவிட்டது. துலாவின் பின்பக்கத்திலிருந்து குதித்து நிலத்தில் குப்புறப் படுத்தான். நிறைந்த வாளி கீழே போனது. கயிற்றை விடாமல் பிடித்திருந்ததால் நானும் போனேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னைத் தூக்கி எடுத்தார். மனைவிக்கு ஒன்றுவிட்ட தமையன். என் மணிக்கட்டு பிசகியிருந்தது. தம்பி அப்போதும் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தான்.

"உவனை ஏத்தினால் நீ கிணத்துக்கைதான் மச்சான். அடுத்தமுறை சோப்பும் கொண்டு இறங்கு," என்றார் அவர்.

மூன்று கிழமை கைக்கு எண்ணெய் போட்டுக் கட்டினேன். அவர் இடைக்கிடை இறைத்துத் தந்தார். பாதிப் பயிர் கருகியது. கட்டு அவிழ்த்த அன்று தம்பி தானாக வந்தான். கையில் மாட்டுக் கயிறு.

"அண்ணை, என்னைத் துலாவோடை கட்டு."

"விசர்க் கதை கதையாதை."

"நான் நினைச்சுக் குதிக்கேல்லை. காலுதான் குதிக்குது. கட்டினால் நிப்பன்."

வந்த நாளிலிருந்து அவன் அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோசத்தில் நான் வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. ஒரு முனையை இடுப்பிலும் மறு முனையைத் துலாவிலும் கட்டினேன். நடக்கலாம், குதிக்க முடியாது. முடிச்சு நான் போட்டது. அவன் விரலுக்கு அது அவிழாது.

பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே இறைத்தோம். அவன் குசினிக்குள் வந்திருந்து சாப்பிட்டான். ஒருநாள் குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டான். மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள்.

தமையன்காரர் வேலிக்கு மேலால் பார்த்தார். "என்ன மச்சான், கிடாயைக் கட்டின மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறாய்?"

"அவிட்டால் உங்கடை வெங்காயத்தையும் திண்டுபோடுவன்," என்றான் தம்பி மேலேயிருந்து.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் காலை பொம்மர் வந்தது. இந்த முறை தாழப் பதிந்து வந்தது. மனைவி கத்தினாள். நான் வாளியை விட்டுவிட்டு ஓடினேன். வேலிக்கரையில் பதுங்க வெட்டிய எங்கள் பங்கர். உள்ளே விழுந்த பிறகு மனைவி கேட்டாள்.

"தம்பி எங்கை?"

அப்போதுதான் நினைவு வந்தது. ஆனாலும் நான் வெளியே போகவில்லை. கிட்டத்தில் இரண்டு குண்டுகள் விழுந்தன. மண் தலையில் கொட்டியது. சத்தம் முழுதாக ஓய்ந்த பிறகுதான் போனேன்.

அவன் கிணற்றுக்கு மேலே துலாவைக் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தான். காயம் ஒன்றும் இல்லை. சாரம் நனைந்திருந்தது. இழுத்து இழுத்து முடிச்சு கல்லாக இறுகிப்போயிருந்தது. வலது கை நகங்களில் இரத்தம். ஏறிக் கத்தியால் வெட்டினேன். இறங்கினான்.

"பங்கருக்கை இடம் இருந்ததோ?" என்று கேட்டான்.

"இருந்தது."

"அப்ப சரி."

மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போனான். அடுத்த நாள் கூப்பிடப் போனேன்.

"கயிறு வேண்டாம். சும்மா வந்து வரம்பிலை இரு," என்றேன்.

"நீ போ அண்ணை."

வேறு ஆளை மேலே ஏற்றி இறைத்துத் தரலாம் என்று தமையன்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். மிச்ச வெங்காயமும் ஒரு கிழமையில் காய்ந்தது.

வெங்காயம் காய்ந்து முடிந்த அன்று பின்னேரம் மனைவி வைத்த சோற்றை நாய் தின்றுகொண்டு நின்றது. அவன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் நாயைத் துரத்தவில்லை.