பயன் பெற்ற குடும்பங்கள்

புண்ணிய முதலாளி என்று அவருக்குப் பெயர் வைத்தவர் அவருடைய மச்சான்தான். டயர் கடை வைத்திருப்பவர். வீட்டுக்குள் கேலியாகத் தொடங்கிய பெயர் ஒரே வருஷத்தில் தெருவுக்கும் போய்விட்டது. ஏழைகளுக்கு உதவுகிற சிறு தொழில்களாகப் பார்த்துப் பணம் போடுவது, பிறகு அந்தப் பணத்தை லாபத்தோடு திருப்பி எடுப்பது. இதுதான் அவர் கையில் எடுத்த வேலை. இதை மச்சானுக்கு விளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவானது.

"அதாவது மாப்ள, கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை."

"ரெண்டும் ஒண்ணா முடியும் மச்சான். வெளிநாட்டுக்காரங்க இதுக்குன்னே பணம் வெச்சிருக்காங்க. நம்ம மாதிரி இடத்தை எல்லாம் வளரும் சந்தைன்னு சொல்றாங்க."

"நான் பொறந்ததுலேர்ந்து வளருதுன்னுதான் சொல்றாங்க. இன்னுமா அது வயசுக்கு வரல?"

சிரித்தாலும் மச்சான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. நல்லதையும் லாபத்தையும் சேர்த்து விரும்புகிறவனை உடனே போக்கிரி என்று முடிவு கட்டிவிட முடியாது. பெரும்பாலும் அவன் இரண்டையுமே உண்மையாக விரும்புகிறவன்தான். இரண்டில் ஒன்றை விட வேண்டிய நாள் வரும்வரை எதை விடுவான் என்பது அவனுக்கே தெரியாது. அதுதான் சிக்கல்.

இந்த வேலைக்கு வருமுன் அவர் பன்னிரண்டு வருஷம் சோப்புத்தூள் கம்பெனி ஒன்றில் விற்பனை அதிகாரியாக இருந்தார். கடை கடையாகப் போவதோடு துவைக்கிற இடங்களுக்கும் போவார். வீடுகளுக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் பெண்கள் குனிந்த இடுப்பு நிமிராமல் ஆறு மணி நேரம் கல்லில் அடிப்பதைப் பார்த்திருக்கிறார். மாதிரிப் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ஒருநாள் அப்படி வரும் வழியில், இவர்களுக்குப் பொதுவாக நாலு மிஷின் இருந்தால் என்ன என்று தோன்றியது. அப்படி நினைக்கிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. இவர் வேலையை விட்டார். அந்த அளவுக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தை வாடகைக்கு எடுத்தார். சிமெண்டுத் தரையைச் சாக்கடைப் பக்கம் சரிவாகப் பூசினார். ஆறு மிஷின், இரண்டு உலர்த்தி, சுவர் ஓரமாக நீள மேஜை, மேலே ஆறு மின்விசிறி. பெண்கள் தங்கள் வீடுகளின் துணியை இங்கே கொண்டுவந்து துவைக்கலாம், புது வீடுகளுக்கு ஆர்டர் எடுக்கலாம், வருமானத்தில் பங்கு. எல்லாம் தயார். வரத்தான் ஆளில்லை.

அந்தப் பக்கத்துப் பெண்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அந்த அக்கா வந்தால் மற்றவர்களும் வருவார்கள். அவர் வந்து மிஷின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுத் தடவினார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் பதினோரு வீடு வெச்சிருக்கேன். அதுல மூணு என் மாமியார் காலத்துலேர்ந்து வர்ற வீடு. உங்க பங்கு, உங்க நேரம்னு இங்க வந்துட்டா அந்த வீடெல்லாம் வேற ஆளுக்குப் போயிடும். திரும்பக் கேட்டா கெடைக்காது."

"எதுக்குக்கா திரும்பக் கேக்கணும்?"

"நாளைக்கே மிஷினைத் தூக்கிட்டுப் போயிட்டீங்கன்னா?"

"நான் இருக்கறவரைக்கும் போகாது."

"நீங்க எவ்வளவு நாள் இருப்பீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கேள்வி கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த திங்கட்கிழமை பதினோரு வீட்டையும் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

முதல் இரண்டு வருஷம் நன்றாக நடந்தது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் உள்தையலில் ஒரு நிற நூல் தைத்து வைத்தார்கள். எண்ணூறு வீட்டுத் துணி கலந்தாலும் பிரித்துவிடுவார்கள். அக்காவுக்கு நூல்கூடத் தேவைப்படாது. சட்டைக் காலரை மோந்து பார்த்து, "இது படிக்கட்டு வீட்டுக்காரரு. மறுபடியும் சுருட்டு பிடிக்க ஆரம்பிச்சுட்டாரு, பொண்டாட்டிக்குத் தெரியாது போல" என்பார். கூடம் முழுக்கச் சிரிக்கும். முப்பத்தாறு பெண்கள். இடுப்பு வலி குறைந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனார்கள்.

வெளிநாட்டு நிதிக்காரர்கள் அவரை நம்பிப் பெரிய தொகை ஒன்றைக் கொடுத்தார்கள். பத்து வருஷக் கெடு. அதற்குள் தொழிலை வளர்த்து, விற்று, பணத்தை லாபத்தோடு திருப்பித் தர வேண்டும். பத்து வருஷம் அப்போது வெகு தூரத்தில் இருந்தது. மருந்துக்கடை மாடியில் அலுவலக அறை எடுத்தார். வேறு நாலு சிறு தொழில்களிலும் பணம் போட்டார். ஆனாலும் அவர் பெயர் சொல்லும் பிள்ளை அந்தச் சலவைக்கூடம்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: எத்தனை பேருடைய வாழ்க்கை மேம்பட்டது? முதல் அறிக்கையில் முப்பத்தாறு என்று எழுதினார். மறுநாளே நிதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி போனில் பேசினார். நம் மொழிக்காரர்தான், மரியாதையாகவே பேசினார்.

"சார், அந்தக் கட்டத்துல ரெண்டு சைபர் விட்டுப்போச்சா?"

"இல்லம்மா, முப்பத்தாறுதான்."

"இதை மேல அனுப்பினா அடுத்த தவணை வராது சார். பக்கத்து நாட்டுல தண்ணி விக்கிற கம்பெனி ரெண்டு லட்சம்னு போட்டிருக்காங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க. உங்களால பயன் அடையறது இவங்க மட்டும்தானா?"

யோசித்தார். துணியைக் கொடுக்கிற வீட்டுப் பெண்களுக்கும் வாரத்தில் நாலு மணி நேரம் மிச்சமாகிறதே? அதுவும் பயன்தானே? எண்ணூறு வீடு, வீட்டுக்கு ஐந்து பேர். எண்ணூறு குடும்பம், நாலாயிரம் பேர் என்று எழுதினார். கட்டத்தின் தலைப்பையும் மாற்றினார்: பயன் பெற்ற குடும்பங்கள், அதாவது துணி தருபவர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பொய் சொல்லக் கூசுகிற மனிதன், உண்மைகளில் தனக்குத் தோதானதைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்கிறான். அதன் பிறகு அவனுக்குக் கூச்சமே வருவதில்லை.

அடுத்த அறிக்கையில் முப்பத்தாறு அடிக்குறிப்பாக இருந்தது. அதற்கடுத்ததில் இடம் போதவில்லை.

பத்தாவது வருஷம் வந்தது. சலவைக் கம்பெனி ஒன்று வாங்க முன்வந்தது. நகரத்துக்கு வெளியே பெரிய ஆலை, வீட்டு வாசலுக்கே வந்து துணி எடுத்துப்போகும் வேன்கள். நல்ல விலை. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு விற்கவில்லை. வாங்குகிறவர்கள் ஏழைகளைக் கைவிடக் கூடாது என்று பதினான்கு நாள் வாதாடி, ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்க்கவைத்தார்: மூன்று வருஷத்துக்குப் பயன் பெறும் குடும்பங்களின் எண்ணிக்கை குறையக் கூடாது. பயன் பெறும் குடும்பம் என்றால் என்ன என்பதற்குத் தன் பழைய அறிக்கையிலிருந்தே வரிகளை எடுத்துக் கொடுத்தார். அன்று மனைவியிடம், "யாராலயும் அசைக்க முடியாத மாதிரி கட்டிப்போட்டுட்டேன்" என்றார்.

விற்ற நாலாவது மாதம் வாங்கியவர்கள் கூடத்தை மூடினார்கள். அவர் புதுக் கம்பெனியின் மேலாளரைப் போனில் பிடித்தார்.

"ஒப்பந்தம் இருக்கு, மறந்துட்டீங்களா?"

"எந்த விதியை மீறியிருக்கோம்னு சொல்லுங்க சார். நீங்க குடுக்கும்போது ரெண்டாயிரம் குடும்பம். இப்ப நாலாயிரத்தி இருநூறு. வேன் வெச்சதுக்கப்புறம் இன்னும் ஏறும்."

"அங்க வேலை செஞ்ச பொம்பளைங்க?"

மேலாளர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தேடிப் பார்த்த குரலில்தான் சொன்னார்: "உங்க ரிப்போர்ட் ஏழு வருஷத்துது என்கிட்ட இருக்கு சார். அதுல அவங்க எங்கயுமே இல்லையே."

அடுத்த வாரம் அக்கா இரண்டு பேரோடு அவர் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. மனைவி டீ கொடுத்தாள். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"நடந்தது நடந்து போச்சு தம்பி. பழைய வீடுங்களைக் கேட்டுப் பாத்தோம். பாதிப் பேரு வேற ஆளு வெச்சுட்டாங்க, மீதிப் பேரு சொந்தமா மிஷின் வாங்கிட்டாங்க. அதான், சின்னதா ஒரு எடம் பாத்திருக்கோம். பன்னெண்டு பேரு சேந்திருக்கோம். ரெண்டு மிஷின் போதும். பாதிப் பணம் எங்ககிட்டயே இருக்கு. மீதிக்குக் கடன் குடுக்கறாங்க, தெரிஞ்ச ஆளு ஜாமீன் கேக்கறாங்க. உங்க கையெழுத்து ஒண்ணு போதும். காசு வேணாம்."

கூட வந்தவள் சேர்ந்துகொண்டாள்: "அக்கா தவணை தப்ப மாட்டாங்க சார். தப்பினா நாங்களே அவங்களைத் துவைச்சுக் காயப் போட்டுடுவோம்."

"போட்டுடலாம்க்கா," என்றார் அவர். "ரெண்டு நாள் டைம் குடுங்க."

வக்கீல் ஒப்பந்தத்தைப் புரட்டி, பதினேழாவது பக்கத்தில் விரலை வைத்தார். ஐந்து வருஷத்துக்கு இந்த நகரத்தில் எந்தச் சலவைத் தொழிலுக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அவர் உதவக் கூடாது. விற்ற பணத்தில் அவர் பங்கில் மூன்றில் ஒரு பகுதியை வாங்கியவர்கள் இரண்டு வருஷம் பிடித்து வைத்திருப்பார்கள். மீறினால் அது போய்விடும்.

"ஜாமீன் கையெழுத்து உதவியா?"

"அது உதவி இல்லேன்னா வேற எதுங்க உதவி?" என்றார் வக்கீல்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். மகள் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருஷத்துப் படிப்புக்கு வாங்கிய கடன் அந்த மூன்றில் ஒரு பகுதியை நம்பித்தான் இருந்தது. மனைவி கேட்டாள்:

"நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

"நீ என்ன சொல்ற?"

"என்மேல போடாதீங்க. எனக்கும் புள்ளதான் முக்கியம், அதைச் சொல்லிடறேன். ஆனா முடியாதுன்னா நேர்ல போய் அந்தக்கா மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு வாங்க. அவங்க வேற ஆளையாவது தேடுவாங்க. போனை எடுக்காம மட்டும் இருக்காதீங்க."

அவர் போனை எடுக்கவில்லை.

முதல் நாள் மூன்று முறை அடித்தது. மறுநாள் இரண்டு. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். எப்படிச் சொல்வது என்பதற்கு நல்ல வாக்கியம் ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் பழைய அலுவலகப் பையன் மூலம் சட்டச் சிக்கல் என்று சொல்லி அனுப்பினார். அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அவர்கள் பார்த்து வைத்திருந்த இடத்தில் பழைய இரும்புக்கடை வந்துவிட்டது. கெடுதல் நினைத்துப் பணத்தை யாரும் தடுக்கவில்லை, பெண்களை யாரும் ஏமாற்றவில்லை, ஒப்பந்தத்தை யாரும் மீறவில்லை. ஒரு மாதம் ஒருவர் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான் நடந்தது.

இதற்கிடையில் அவர் பெயர் வளர்ந்தது. போட்ட பணத்தை இரண்டரை மடங்காக்கித் திருப்பிய மனிதர், பயன் பெற்ற குடும்பங்களையும் இரட்டிப்பாக்கியவர் என்று கூட்டங்களில் அறிமுகப்படுத்தினார்கள். முன்னதைவிட ஐந்து மடங்கு பெரிய நிதியை நிர்வகிக்கக் கூப்பிட்டார்கள். போனார். மச்சான் மட்டும் புண்ணிய முதலாளி என்பதை நிறுத்திவிட்டார். வெறும் மாப்ள என்றே கூப்பிட்டார். அது அவரை உறுத்தியது, ஆனால் ஏன் என்று மச்சானைக் கேட்கவில்லை.

பிடித்து வைத்த பணம் இரண்டு வருஷம் கழித்துக் கைக்கு வந்தது. இனி இழக்க ஒன்றுமில்லை. வழக்குப் போட்டாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று வக்கீலும் சொல்லிவிட்டார். இரண்டு மிஷினையும் தன் காசிலேயே வாங்கித் தருவது என்று முடிவு செய்தார். அன்று பகல் பதினோரு மணிக்கு விசாரித்துக்கொண்டே போனபோது, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு தங்கும் விடுதியைக் காட்டினார்கள். அதன் கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அக்கா படுக்கை விரிப்புகளைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்த்துக் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"வாங்க தம்பி. பொண்ணு படிப்பு முடிச்சிடுச்சா?"

"முடியப்போகுதுக்கா." அவரால் அதற்கு மேல் அந்தப் பேச்சில் போக முடியவில்லை. "நான் மிஷின் வாங்கித் தரேன். ரெண்டு இல்ல, நாலு. ஜாமீன் எல்லாம் வேணாம், என் காசு. இடமும் பாத்துக் குடுக்கறேன்."

அக்கா அவரை நன்றாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"யாரு ஓட்டுவா தம்பி? பன்னெண்டு பேருல அஞ்சு பேரு பொழப்புத் தேடி வெளியூரு போயாச்சு. ஒருத்தி கண்ணு தெரியாம மக வீட்ல இருக்கா. ரெண்டு பேரு அந்த வேன் கம்பெனியிலயே மடிக்கிற வேலைக்குப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கறவங்களும் ஆளுக்கு ஒரு எடத்தப் புடிச்சுட்டாங்க. மறுபடியும் விட்டுட்டு வாங்கடின்னு நான் எந்த வாயால போய்க் கூப்பிடுவேன்? போன தடவ நான் கூப்பிட்டுத்தான் வந்தாளுங்க."

"நான் வந்து பேசறேன்க்கா."

"வேணாம் தம்பி."

விடுதிக்காரன் மாடியிலிருந்து இன்னும் நாலு விரிப்பைக் கீழே போட்டான். அக்கா அவற்றை எடுத்துத் தொட்டியில் முக்கினார். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் அக்கா. "தண்ணி தெறிக்கும்."

அவர் தள்ளி நின்றார்.