கோழிக்கோட்டிலிருந்து வந்த கடிதம்

1956 ஐப்பசியில் என் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சபைப் பள்ளியில் அவர் ஆசிரியர். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மகள் சுகந்திக்கு மூன்று மாதம். முன்னமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமோ என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே கணவரின் அண்ணன் கெடாரிலிருந்து வந்து பேசினார். "புள்ளய நாங்க இட்டுக்கினு போயி வளத்துக்கிறோம். நீ எங்கனா ஆயா வேலைக்குப் போ." அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு வேறு வழி தெரியவில்லை. பள்ளி மானேஜர் மட்டும், "எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிட்டா அவர் பார்த்த வாத்தியார் வேலை உனக்குத்தாம்மா" என்றார்.

நான் கல்யாணத்துக்கு முன் அந்தப் பரீட்சை எழுதிச் சமூக பாடத்தில் தவறியவள். பாஸானால் குழந்தை என்னிடம். தவறினால் கெடாரில். எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

பழைய புத்தகத்தையே எடுத்துப் படித்தேன். ஆந்திரா பிரிந்தபோது என் கணவர் அதிலிருந்த சென்னை ராஜ்யப் படத்தில் புது எல்லையைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். அவர் விரல் பட்ட கோடு. அதை அப்படியே மனப்பாடம் செய்தேன்.

மார்ச் மாதம், சமூக பாடப் பரீட்சை அன்று காலை, விழுப்புரத்துக்கு பாசஞ்சர் ரயிலில் போனோம். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுப்போக முடியாததால் மாமியாரும் கூட வந்தார். சுகந்திக்கு உடம்பு சுட்டது. எதிரே கோட்டக்குப்பத்து முஸ்லிம் அம்மா ஒருவர். விழுப்புரத்தில் இறங்கி பாண்டிச்சேரி வண்டி பிடிக்கப் போகிறவர். வாய் ஓயவே இல்லை.

"இன்னாம்மா, புள்ள கத்திக்கினு கீது, நீ படிச்சிக்கினு கீற? பால குடு. உன் புக்குல கீற ராஜாங்க எங்கியும் ஓடிட மாட்டாங்க."

மாமியாரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே கண்ணை மூடி ஜெபித்தேன். 'கர்த்தரே, இந்த அம்மாவின் வாயைக் கட்டும். எனக்கு அரைமணி அமைதி கொடும்.'

அமைதி கிடைக்கவில்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் அவர் என் மடியிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தார்.

"இதுல கோழிக்கோடு எங்க கீது? எம் மவன் அங்கதான் கடையில நிக்கிறான்."

விரல் வைத்துக் காட்டினேன். "இதோ. நம்ம சென்னை ராஜ்யத்துலதான்."

"யாரு சொன்னா? இப்ப அது கேரளா. மேல்விலாசத்துல மெட்ராஸ் ஸ்டேட்டுன்னு எழுதாதேன்னு எம் மவன் கடுதாசி போட்டுக்கீறான்." பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

படித்தேன். மலபார் கேரளாவோடு போய்விட்டது. மங்களூர் மைசூரோடு. கன்னியாகுமரி நம்மோடு வந்துவிட்டது. எல்லாம் அந்த ஐப்பசியில் நடந்திருக்கிறது. அப்போது நான் சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் யாராவது சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது. புத்தகத்தில் உள்ளதைத்தான் கேட்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கணவர் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே மீதிக் கோடுகளை நானே போட்டேன். விழுப்புரம் வந்துவிட்டது. "ஜல்தி போம்மா, நல்லா எழுது" என்று அந்த அம்மா என்னைத் தள்ளிவிட்டார். நான் பேர்கூடக் கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

கேள்வித்தாளில் புதிய சென்னை ராஜ்யத்தின் எல்லையை வரையச் சொல்லியிருந்தார்கள். பத்து மார்க். வராண்டாவில் சுகந்தி அழுவது கேட்டுக்கொண்டே இருந்தது. இப்படிப் பிள்ளையை வாட்டுவது பாவமோ என்று தவித்துக்கொண்டேதான் வரைந்தேன்.

ஜூனில் முடிவு வந்தது. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும். எனக்கு முப்பத்தெட்டு.

இன்று நான்காம் வகுப்பு எடுக்கிறேன். என் கணவர் நின்ற இடத்தில் நிற்பது இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் முன்போல, கேட்டது கிடைக்கவில்லை என்று தேவனோடு சண்டை போடுவதில்லை. எதிரே யாரை உட்கார வைத்திருக்கிறார் என்று பார்க்கிறேன். சகோதரிகளே, நீங்களும் அவரை நம்பிப் பாருங்கள்.

அன்று நான் கேட்டபடியே அவர் அந்த வாயைக் கட்டியிருந்தால், சுகந்தி இன்று வேறொருத்தியை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்.