முகம் கேட்டவள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லியே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளை வளர்ப்பார்கள். குடியிருக்கிற லயத்துக்குக் கூரைத் தகரம் வேண்டுமா, போய்க் கேட்க வேண்டும். பைப்பில் தண்ணீர் வேண்டுமா, கேட்க வேண்டும். இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று ஒரு துண்டுக் காகிதம் வேண்டுமா, அதையும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுத்தான் வாங்கினோம். அதனால் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து, புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் பில் எழுதிக்கொண்டே வலைப்பதிவும் எழுதத் தொடங்கியபோது, என்னைப் படியுங்கள் என்று கேட்பதில் எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. வலைப்பதிவுகளின் ஓரத்தில் அப்போதுதான் புதிதாக ஒரு பெட்டி வந்திருந்தது. ஒரு பதிவை யார் யார் பின்தொடர்கிறார்கள் என்று அதில் சின்னச் சின்ன முகங்களாகத் தெரியும். என் பெட்டியில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அது நான். படம் ஏற்றத் தெரியாததால் முகம்கூட இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் தலை. எழுத்து நன்றாகத்தான் இருந்தது. என் எழுத்தை நானே சொல்லக்கூடாது என்பார்கள், நான் சொல்வேன். எங்கள் பேச்சில், எங்கள் ஆட்களைப் பற்றி, கொழும்பில் அப்போது வேறு யார் எழுதினார்கள்?

இந்தியப் பதிவர்கள் சிலர் பின்னூட்டங்களில் ஒரு வாசகத்தைப் போட்டுவிட்டுப் போவதைக் கவனித்திருந்தேன். "அருமை. நான் உங்களைத் தொடர்கிறேன், நீங்களும் என்னைத் தொடரவும்." நல்ல யோசனையாகப் பட்டது. அதை அப்படியே எடுத்து, என் பங்குக்கு இன்னொரு வரியும் சேர்த்தேன்: "பூ, சாமி படம் வேண்டாம். உங்கள் சொந்த முகத்தோடு வந்தால் மகிழ்ச்சி." பூவையும் பிள்ளையாரையும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்திருந்தது. ஒரு மாலை, இன்டர்நெட் வைத்திருந்த கொம்யூனிகேஷன் கடையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த கொழும்புப் பதிவர்கள் எல்லோருக்கும் அதை ஒட்டினேன். செத்தவீட்டைப் பற்றி எழுதியிருந்த ஒருவருக்கும் "அருமை" போய்ச் சேர்ந்தது.

முதலில் ஒட்டியது வெள்ளவத்தையில் இருந்து எழுதிய ஓர் அம்மாவுக்கு. அவர் பெயர் தெரியாது, முகம் தெரியாது, படமாக ஒரு சிவப்பு ரோசாப்பூ. பொரளை ஆஸ்பத்திரி வரிசையைப் பற்றி அவர் எழுதியதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். வேறு யார் வராவிட்டாலும் பரவாயில்லை, ரோசாப்பூ என் பெட்டிக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் ஒருவரும் வரவில்லை. நான் ஒட்டியதையெல்லாம் அழித்திருந்தார்கள். இரண்டு பேர் தங்கள் பதிவையே பூட்டிவிட்டார்கள். ரோசாப்பூவும் என் பின்னூட்டத்தை எடுத்துவிட்டார். என் பதிவின் கீழே பெயர் போடாத ஓர் அனானி மட்டும் எழுதியிருந்தார்: "முகம் சேர்க்க வந்தனீரோ? நாலாம் மாடியில எத்தனை படம் கேட்டவை?"

நாலாம் மாடி என்றால் கொழும்புத் தமிழர் எல்லோருக்கும் தெரியும், விசாரணைக்குக் கொண்டுபோகிற இடம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அறைக்கு வந்து, கூட இருக்கும் தோழியிடம் சொன்னேன். அவளும் எங்கள் பக்கத்துக்காரி, அதே கடையில் வேலை. கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? இந்த ஊர்ல தமிழாளுங்ககிட்ட மூஞ்சியக் காட்டச் சொல்லி யாருடி கேப்பா? பொலிஸ்காரன்தானே கேப்பான்!"

அப்போதுதான் விளங்கியது. கொழும்புப் பதிவர்கள் ஒருவரையொருவர் வருடக்கணக்காகப் படித்தார்கள், பாராட்டினார்கள், சண்டை பிடித்தார்கள். ஆனால் என் பக்கம் வா என்று ஒருவரும் ஒருவரைக் கேட்டதில்லை. அது தலைக்கனம் என்று நினைத்திருந்தேன். ஒருவர் எழுதியதற்கு நாளைக்கு வில்லங்கம் வந்தால், அந்தப் பெட்டியில் இருக்கிற முகங்களுக்கும் வரும். அதனால்தான் அந்தப் பூக்கள், அந்தப் பிள்ளையார்கள். கேளாமல் இருப்பதுதான் அவர்களுடைய மரியாதை.

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. பிறகு கோபம் வந்தது, அதுதான் நின்றது. என்னையா காட்டிக்கொடுக்கிறவள் என்கிறார்கள்? இந்தப் பெயரோடு நான் இனி என்ன எழுதினாலும் யார் படிப்பார்கள்? எழுத்தை விட்டுவிடு என்றாள் தோழி. அதைவிடக் கையை வெட்டிக்கொள்ளலாம்.

கொழும்பில் தங்குகிற தமிழர் பொலிஸில் பெயர் பதிய வேண்டும், அதற்காக எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்று மிச்சம் இருந்தது. கொம்யூனிகேஷன் கடைக்காரரிடம் கொடுத்து ஸ்கேன் பண்ணி, சாம்பல் தலைக்குப் பதிலாகப் போட்டேன். பொலிஸுக்குக் கொடுத்ததை வாசகருக்குக் கொடுக்க என்ன வந்தது? படத்தின் கீழே எழுதினேன்: "இது நான்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட இருக்கிற சைவக் கடையில் சிவப்புக் குடையோடு இருப்பேன். சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். பேசத் தேவையில்லை. தொடரவும் தேவையில்லை."

"யாராச்சும் புடிச்சிட்டுப் போனா என்னடி செய்வ?" என்று தோழி கேட்டாள்.

"மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்" என்றேன். வாய்தான் சொன்னது. கை ஐடென்டிட்டியைப் பையில் வைத்து, எடுத்து, திரும்பவும் வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை போகிற வழியில், கொள்ளுப்பிட்டியில் பொலிஸார் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். ஐடென்டிட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பொலிஸ்காரர், "கொஹெத யன்னே?" என்றார் சிங்களத்தில், எங்கே போகிறாய் என்று. வெள்ளவத்தைக்கு என்றேன். எதற்கு என்றார். "யாளுவெக் ஹம்பவென்ன" என்றேன், சிநேகிதர் ஒருவரைச் சந்திக்க. அந்த ஊரில் எனக்கு ஒரு குருவியைக்கூடத் தெரியாது.

கடை நிறையச் சனம். குடையை மேசைமேல் தெரியும்படி வைத்துவிட்டு ஒரு தோசை சொன்னேன். யாரைப் பார்த்தாலும் பதிவர் மாதிரித்தான் இருந்தது. ஒருவர் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார், பக்கத்தைப் புரட்டவே இல்லை. வாசலில் இரண்டு பெடியன்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய பொட்டு வைத்த ஓர் அம்மா, முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த சந்தைப் பையோடு என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, இதில ஆரும் வருகினமோ?"

"யாரும் வர்றதாச் சொல்லலைங்கம்மா. நீங்க ஒக்காருங்க."

இருந்தார். வடை சாப்பிட்டார். "அந்தச் சட்னியை ஒருக்கா இங்கால தள்ளும்" என்றார், தள்ளினேன். பிளேன்டீயைக் குடித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பேப்பர்காரரும் போனார். நான் இன்னொரு வடை, இன்னொரு பிளேன்டீ என்று இருட்டும்வரை இருந்தேன். பதிவைப் பற்றி ஒருவரும் வந்து பேசவில்லை. பேசத் தேவையில்லை என்று எழுதியதும் நான்தான், பேசவில்லையே என்று பொருமியதும் நான்தான். போங்க, நீங்களும் உங்க பூவும் என்று திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் கொம்யூனிகேஷன் கடைக்குப் போனேன். பதிவின் கீழே பின்னூட்டங்கள். "குடை நல்ல குடை" என்று ஒருவர். "அக்கா தோசையை நல்லா வெட்டினவ" என்று இன்னொருவர். நாலாம் மாடி என்று எழுதிய அதே அனானி, "மன்னிக்கவும். பேப்பரோட இருந்தது நான்" என்றிருந்தார். கடைசியில் ரோசாப்பூ அம்மா எழுதியது:

"முன்னால இருந்து சட்னி கேட்டது நான்தான். நான் ஆரெண்டு சொல்லப் பயமாக் கிடந்தது. ஒரு பொம்பிளைப் பிள்ளை தனிய வந்து முகத்தோட இருந்திருக்கு, நான் இன்னும் பூவுக்குப் பின்னால நிண்டால் எனக்கு வெக்கம்."

பெட்டியைப் பார்த்தேன். என் பொலிஸ் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய பொட்டு முகம். அவருக்குப் பின்னால் பூக்களும் பிள்ளையார்களும் ஒரு கிரிக்கெட் மட்டையும் வரிசையாக வந்து நின்றிருந்தார்கள். முகத்தோடு வந்தவர் அவர் ஒருவர்தான். கடையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல் அழுதேன். அவ்வளவு பெருமை எனக்கு, என் எழுத்தை நினைத்தும், அந்த அம்மாவை நினைத்தும்.

தொடர்கிறேன் என்று ஒட்டினேனே தவிர அவர் பெட்டியில் நான் இன்னும் சேர்ந்திருக்கவில்லை, உடனே சேர வேண்டும் போல் இருந்தது. ஆனால் என் முகம் போய் அவர் பக்கத்தில் நின்றால் அவருக்கு ஏதும் வந்துவிடுமோ என்று கை தயங்கியது. கேட்கப் பிறந்தவள்தானே, கேட்டேன்: "அம்மா, என் முகம் உங்கள் பெட்டியில் இருந்தால் பரவாயில்லையா?"

மறுநாள் போய்ப் பார்த்தால், முதல் நாள் இரவே பதில் வந்திருந்தது. "வீட்டுக்கு வாற ஆக்கள் முகத்தை வாசல்ல வச்சிட்டோ வாறவை? உள்ளுக்கு வாரும், பிள்ளை."