அனுசுயா எழுதிய மூன்று வரி

தன்னைப் பற்றி அனுசுயாவுக்கு ஒரு பெருமை உண்டு. எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரர்களும் தன்னிடம் அரை மணி நேரத்தில் மனசைத் திறந்துவிடுவார்கள் என்பாள். அவள் கணவர் இராமகிருஷ்ணன் ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலை ஊழியர். குவார்ட்டர்ஸை விட்டுத் திருநின்றவூரில் சொந்த வீடு கட்டி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. "ஊர்ல இருக்கறவங்க எல்லாம் மனசைத் திறக்கறாங்க, எனக்கு மட்டும் பீரோ சாவி எங்கன்னுகூடத் தெரியலை" என்று அவர் கிண்டல் செய்வார். அவளும் சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் அந்தப் பெருமை அசையாமல் இருந்தது.

அவளுடைய வேலை அப்படிப்பட்டது. வீட்டில் பாதுகாப்பில்லை என்று அரசு சில பிள்ளைகளைக் காப்பகத்தில் சேர்க்கிறது அல்லவா, அந்தப் பிள்ளைகளின் பெற்றோரைத் தேடிப்போய்ப் பேசுகிற கவுன்சிலர் அவள். குடிப்பவனைச் சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும். கை நீட்டுபவளுக்குக் கோபம் வரும்போது என்ன செய்வது என்று சொல்லித்தர வேண்டும். தூக்கமே வராத தாயை மனநல மருத்துவர் முன்னால் உட்காரவைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, பிள்ளையைத் திருப்பி அனுப்பலாமா கூடாதா என்று குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிக்கை எழுத வேண்டும். அம்பத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த தொண்டு நிறுவனம் அது. குடும்பங்கள் நாற்பத்திரண்டு, கவுன்சிலர் ஒருத்தி.

அவளிடம் ஒரு தொழில் ரகசியம் இருந்தது. யார் வீட்டிலும் பேனாவை வெளியே எடுக்க மாட்டாள். பேனாவைப் பார்த்தால் ஏழைகளின் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பது அவள் கண்டுபிடிப்பு. பொய்யும் இல்லை. காலி கையோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு, மாலையில் ரயிலில் மகளிர் பெட்டியில் இடம் கிடைத்ததும் நோட்டைத் திறப்பாள். அம்பத்தூரில் ஏறினால் திருநின்றவூர் வருவதற்குள் அன்றைய வீடுகள் எல்லாம் நோட்டில் ஏறிவிடும். அவர்கள் சொன்னதை மட்டும் எழுதுவாள். தான் சொன்னது தனக்குத் தெரியாதா என்ன? அதை எழுதுவதில்லை.

லாவண்யா அவளிடம் வந்தது ஒரு ஜனவரியில். மண்ணூர்பேட்டையில் ஒற்றை அறை வீடு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாகம் செய்யும் கம்பெனியில் இரவு ஷிப்ட். புருஷன் டில்லிபாபு வேறொருத்தியோடு போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆறு வயது மகள் தர்ஷினிக்குச் சோறு ஊட்டி, படுக்கவைத்து, வெளியே பூட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போவாள். ஒருநாள் பிள்ளை விழித்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுததைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் உதவி எண்ணுக்குப் போன் செய்துவிட்டார்கள். மறுநாளே பிள்ளை பூந்தமல்லிப் பக்கம் ஒரு காப்பகத்துக்குப் போனது.

முதல் நாள் பேச்சு நன்றாகவே நடந்தது. லாவண்யா அழுதாள், தலையில் அடித்துக்கொண்டாள். அனுசுயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"முதல்ல நைட் ஷிப்டை விடு லாவண்யா. எப்படியாவது பகல் ஷிப்ட் வாங்கு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"சூப்ரவைசர் தினகரன்னு ஒருத்தரு மேடம். லேசுல குட்க்க மாட்டாரு. கேட்டுப் பாக்கறேன்."

அன்றைய ரயிலில் அனுசுயா எழுதினாள்: தாய்க்குக் குற்ற உணர்ச்சி அதிகம், தூக்கமின்மை, மகள்மேல் பாசம் உண்டு. ஷிப்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நேரில் போய் வீட்டைப் பார்ப்பது வேலையில் ஒரு பகுதி. சொல்லாமல் போக வேண்டும், அலுவலக நேரத்தில் போக வேண்டும் என்பது விதி. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. அடுத்த வாரம் இரண்டரை மணிக்குப் போனாள், அப்போதும் பூட்டு. ஏப்ரல் வெயிலில் மூன்றாவது முறையும் அதே பூட்டைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. ஷேர் ஆட்டோவுக்கு நின்று நின்று கால் வீங்கியிருந்தது. போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. பெற்ற பிள்ளையைவிட இவளுக்கு அப்படி என்ன ஊர் சுற்றல் என்று முணுமுணுத்தாள்.

குழு கூடும் தேதி நெருங்கியிருந்தது. அன்று ரயிலிலேயே மூன்று வரி எழுதினாள். மூன்று முறை நேரில் சென்றும் வீடு பூட்டியிருந்தது. கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தாயிடம் ஒத்துழைப்பு இல்லை.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்று லாவண்யா ஒன்றாம் வகுப்புக்குப் பையும் தண்ணீர் பாட்டிலும் வாங்கி வைத்திருந்தாள். குழு தர்ஷினியைக் காப்பகத்திலேயே தொடரச் சொன்னது.

உத்தரவு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்திருந்தது. பெற்றோர் கூட்டத்துக்காக அனுசுயா நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது லாவண்யா மாடியேறி வந்தாள். அழவில்லை.

"இன்னாத்துக்கு மேடம் இப்டி ஆச்சி? நீங்க சொன்னீங்கன்னு தினகரன் சார் கால்ல உயுந்து டே ஷிப்ட் மாத்திக்கினேன். காலைல ஆறரைக்குப் போனா சாயந்திரம் ஆறுக்குத்தான் ஊட்டுக்கு வர்றேன். போனை கேட்ல வாங்கி வெச்சிக்கிறாங்க. நைட்டுல ஊட்லயேதான் கீறேன் மேடம். புள்ளைய எதுக்கு குட்க்க மாட்டேன்றாங்க?"

அனுசுயாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பகலில் அந்த வீடு பூட்டிக் கிடந்ததற்குக் காரணமே அவள் வாங்கச் சொன்ன பகல் ஷிப்ட்தான். சொன்ன சொல்லைக் கேட்டு நடந்த ஒரே குற்றத்துக்காக அந்தப் பெண்ணுக்கு ஒத்துழைப்பில்லாதவள் என்று பெயர் வைத்திருக்கிறாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையது, நான்தான் எழுதினேன் என்று நாலு வார்த்தை போதும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது வேறு.

"கமிட்டி எடுத்த முடிவும்மா. நம்ம கையில இல்லை."

லாவண்யா அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "சரி மேடம். நீங்கதான் பாத்து செய்யணும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு அனுசுயா ஓடாத ஓட்டம் இல்லை. வேலை நேரம் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணூர்பேட்டைக்குப் போனாள். புதிதாக அறிக்கை எழுதினாள். ஆனால் அதிலும் ஒரு கள்ளத்தனம் செய்தாள். "முன்பு நான் எழுதியது தவறு" என்று எழுதியிருந்தால் குழு அந்த வாரமே திரும்பப் பார்த்திருக்கும். அப்படி எழுத அவளுக்குக் கை வரவில்லை. "தாய் தற்போது பகல் ஷிப்டுக்கு மாறியுள்ளார், நல்ல முன்னேற்றம்" என்று எழுதினாள். முன்னேற்றத்துக்கு என்ன அவசரம்? அது அடுத்த ஆய்வு வரைக்கும் காத்திருந்தது, அதற்கும் அடுத்த ஆய்வு வரைக்கும் காத்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையே அவள் தினமும் தின்றாள்.

லாவண்யாவோ ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. அனுசுயா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கோபம் வந்தால் மூச்சை எண்ணுகிறேன் என்றாள், தூக்கத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன் என்றாள், உங்களைக் கூடப்பிறந்த அக்காவாக நினைக்கிறேன் என்றாள். நம்மிடம் இவள் மனசைத் திறந்துவிட்டாள், காலப்போக்கில் அந்தத் தப்பும் கரைந்துவிடும் என்று அனுசுயா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பதினைந்து மாதம் கழித்துத் தர்ஷினி வீட்டுக்கு வந்தாள். வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அனுசுயா பார்க்கப் போனாள். பிள்ளை ஒரு சாண் வளர்ந்திருந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, யாரும் உட்காரச் சொல்லாமலே வரிசையில் உட்கார்ந்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து அம்மாவின் முன்னால் நின்றது.

"மிஸ், பாத்ரூம் போகட்டா?"

லாவண்யா, "போம்மா" என்றாள். பிள்ளை போனதும் மெதுவாகச் சொன்னாள். "அம்மான்னு வாயில வரல மேடம் அதுக்கு. வந்துரும்."

அனுசுயாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பதினைந்து மாதம் மென்று முழுங்கியது ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"லாவண்யா, அன்னைக்கு ரிப்போர்ட்ல ஒத்துழைப்பு இல்லைன்னு எழுதினது நான்தான். பகல் ஷிப்ட் வாங்குன்னு உன்கிட்ட சொன்னதையே மறந்துட்டேன். நீ வந்து கேட்டப்பவும் மறைச்சுட்டேன். என்னை மன்னிச்சுடும்மா."

லாவண்யா ஆச்சரியப்படவில்லை. பாயில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"தெரியும் மேடம். ஆர்டர் காப்பில உங்க பேரு போட்டுத்தான் எழுதியிருந்திச்சி. நான் பத்தாவது பாஸ் மேடம். நீங்களே ஃபாரத்துல அப்டித்தான் ரொப்புனீங்க."

"அப்போ ஆபீஸுக்கு வந்து கேட்டது..."

"நீங்களே சொல்லுவீங்களான்னு பாக்கத்தான் வந்தேன். சொல்லல. அப்பவே புரிஞ்சிக்கினேன். எம்புள்ள உங்க பேனாவுல மாட்டிக்கினு கீது. உங்களாண்ட சண்ட போட்டா இன்னும் இன்னா எழுதுவீங்களோன்னு பயம். அதான் அக்கான்னேன், மூச்சை எண்றேன்னேன். நீங்க எத கேட்டா சந்தோஷப்படுவீங்களோ அத சொன்னேன்."

அவள் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் அனுசுயா தாங்கிக்கொண்டிருப்பாள். இத்தனை நாள் தனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது திறந்த மனசு இல்லை, வெறும் பயம் என்பது புரிந்தபோது அவளுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. மற்ற நாற்பத்தோரு வீடுகளும் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்தன.

"இப்பவாவது என்னைத் திட்டும்மா" என்றாள்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. லாவண்யா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மடித்த துணிகளை அலமாரியில் வைத்தாள்.

"புள்ள வந்ததுக்கு அப்பறமும் ரெண்டு வருசம் நீங்க வந்து பாத்து எழுதணும்னு சொன்னாங்க மேடம். இப்பத்தான் மொத வாட்டி வந்துகிறீங்க. ரெண்டு வருசம் முடியட்டும், அப்ப வாங்க. எம்மனசுல கீறத அன்னைக்கி சொல்றேன்" என்றாள். பிறகு எப்போதும்போல முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

"டீ போடட்டா மேடம்?"