மார்த்தாவின் சனம் எங்கே இருக்கிறது?

போன மாதம் மார்த்தா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பதில் தெரியாமலே பதில் சொல்லிவிட்டேன்.

மார்த்தா ஸ்பானிஷ் பேசும் எல் சல்வடோர்காரி. கனடாவில் மொன்ட்ரியால் நகரை ஒட்டிய லவாலில் நான் வேன் ஓட்டும் காய்கறி மொத்தக் கடையில் பெட்டி அடுக்குகிறாள். அவர்கள் ஊரில் சோளமாவுக்குள் பீன்ஸும் சீஸும் வைத்து ரொட்டி சுடுவார்கள். அதற்கொரு கடை போடுவது அவளது பத்து வருஷ ஆசை. நகரத்துக்குள் இரண்டு பகுதிகளில் இடம் அமைந்தது – மொன்ட்ரியால்-நோரில் ஒன்று, கோட்-டெ-நெய்ஜில் ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஊர் முழுக்கச் சுற்றுகிறவன் நீ, எங்கள் ஆட்கள் எங்கே அதிகம் என்றாள். போனில் குடிசனக் கணக்கு வரைபடத்தையும் காட்டினாள். அதில் அவளது சனம் நகரமெங்கும் மெல்லியதாகத் தூவிக் கிடந்தது.

வரைபடத்தை நான் நம்புவதில்லை. வந்த புதிதில் ஒரே அறையில் ஏழு பேர் முறைவைத்துத் தூங்கினோம். படிவத்தில் இருந்தது ஒருவர் பெயர்தான்...

எனக்கு வேறு கணக்கு உண்டு. கறிவேப்பிலை எங்கே தீர்கிறதோ அங்கே நம் ஆட்கள். அப்படியென்றால் ஸ்பானிஷ்காரருக்கு வாழைக்காய்தானே? மொன்ட்ரியால்-நோரில்தான் பெட்டி பெட்டியாக இறக்குகிறேன். அடித்துச் சொன்னேன். மார்த்தா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மறுநாள் அங்கே காய்கறிக் கடை வைத்திருக்கும் சிவம் அண்ணையிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஆர் சொன்னது?" என்றார். "உது முழுக்க ஹெயிட்டிச் சனம் வாங்கிறது. மிச்சத்தை எங்கட ஆக்கள் பொரிக்கக் கொண்டு போகினம். ஸ்பானிஷ்காரர் கிழமைக்கு ரெண்டு பேர் வந்தால் பெரிய காரியம். ஏன் தம்பி, ஆருக்கும் மாறிச் சொல்லிப்போட்டியோ?"

மார்த்தாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் கையிலிருந்த பெட்டியை ஒட்டி முடித்தாள்.

"ஹெயிட்டிக்காரருக்கு மத்தியானம் பசிக்காதா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். பிறகு நான்கு நாட்கள் என்னோடு பேச்சே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை கடை திறந்தாள். மத்தியானம் தயங்கித் தயங்கிப் போனேன். ஆஸ்பத்திரி உடுப்போடு ஒரு ஹெயிட்டிப் பெண், பன்றி இறைச்சி கலந்திருக்கிறதா என்று விசாரிக்கும் அல்ஜீரிய பஸ் டிரைவர்... நடுவில் சிவம் அண்ணை!

"உறைப்புக் காணாது எண்டு அவவிட்டைச் சொல்லு தம்பி" என்றார். கையில் இரண்டாவது ரொட்டி.

மார்த்தா என்னைக் கண்டதும், இப்போது எண்ணு என்று கரண்டியால் வரிசையைக் காட்டினாள்.

எண்ணினேன். பதினொரு பேர். அதில் ஸ்பானிஷ் பேசியவர் ஒருவர் – அவரும் இரண்டு பஸ் மாறி லவாலிலிருந்து வந்தவர்.