எட்டு விரல் மடிப்பு

என் அக்கா பிடிவாதக்காரி. குழந்தை உடுப்பு என்றால் கீழே நாலு விரல் மடிப்பு விட்டுத்தான் தைப்பாள். "வளர்ற பிள்ளைங்கடி, பிரிச்சு விட்டா இன்னொரு வருஷம் ஓடும்" என்பாள். நாங்கள் வேலை பார்த்தது, அபூர்வ சக்தி உள்ள குழந்தைகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் விடுதியில். தையல் அறையில் மெஷின் அவளுக்கு, பித்தான் எனக்கு.

மூடிய புத்தகத்தைப் படிக்கிற பையன் ஒருத்தன் இருந்தான். இருந்து எங்களுக்கென்ன? எங்கள் ஆள், 'வாலு' என்று நாங்கள் கூப்பிடுகிற குட்டிப்பெண்தான். பத்து வயது. புதுத்துணியைத் தொட்டால் அதற்கு என்ன ஆகும் என்று சொல்லிவிடுவாள். "இது முழங்கையில கிழியும்" என்பாள். அக்கா முன்கூட்டியே உள்ளே ஒட்டுப் போடுவாள். வாலுவின் தலையில் வயர் மாட்டிப் பார்த்த டாக்டர்களுக்கு இது தெரியாது. நாங்கள் சொல்வோமா என்ன!

ஒருநாள் தனக்கு வெட்டி வைத்த புதுச் சீருடைப் பாவாடைத் துணியைத் தொட்டுவிட்டு, "இதுல மடிப்பு விட்டாலும் நீங்க பிரிக்கவே மாட்டீங்க அக்கா" என்றாள்.

மெஷின் நின்றுவிட்டது. அடுத்த வருஷம் இந்தப் பிள்ளை இருக்காதா? வாலு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வாயைக் கழுவுடி!" என்று கத்தி, வெளியே விரட்டினேன். அக்கா வீம்புக்கு எட்டு விரல் மடிப்பு விட்டுத் தைத்தாள்.

அதோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று. வாலு இருமினால் டாக்டரிடம் ஓடுவாள். மாடிப்படியில் கையைப் பிடித்தே இறக்குவாள். மாதாமாதம் கதவோரம் நிறுத்தி உயரம் அளப்பாள். இதற்கிடையில் தனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு தடவை சொன்னாள். "வேளாவேளைக்குச் சாப்பிட்டாத்தானே! வாயுவா இருக்கும்" என்றேன். பாவி, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னேன்.

அந்த வாரமே மெஷின் மேல் சாய்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

வாலு வளர்ந்துகொண்டே இருந்தாள். பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மடிப்பை நான்தான் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க, பக்கத்தில் நின்று என் கையையே பார்த்தாள்.

"அன்னைக்குத் தொட்டப்பவும் இந்தக் கை பிரிக்கிறதுதான் தெரிஞ்சுது, சின்னக்கா. அக்கா இல்ல."

"ஏண்டி அப்பவே சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீங்கதான் வாயைக் கழுவச் சொன்னீங்க."

இப்போது மெஷினில் நான். புதுத்துணி தைத்ததும், "தொட்டுச் சொல்லு கண்ணு, திட்ட மாட்டேன்" என்று நீட்டுகிறேன். வாலு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.